கையகல இடைவெளி

எங்கள் லாயத்தின் கதவுக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு நீலத் தார்ப்பாய் தொங்குகிறது. விரித்தால் நடுவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோட்டுப்படம் தெரியும். யாரோ ஒருவருடைய கால்சட்டையைத் தரையில் பரப்பி, அதைச் சுற்றிக் கோடு இழுத்ததுபோல இருக்கும். ஒரு கால் நீளமும் பருமனுமாக, இன்னொரு கால் குட்டையும் ஒல்லியுமாக. அந்தக் குட்டைக் காலின் நுனியில் மட்டும் கோடு சேராமல் நிற்கிறது. என் உள்ளங்கை அகலத்துக்கு அங்கே ஒன்றும் இல்லை. குதிரைச் சவாரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் அது கொடியில் காய்வதைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, சிலுவார் தைக்க அளவா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் கூர்மையான கண்ணுள்ளவர்கள், "பெயிண்ட் முடிஞ்சிருச்சா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அரைமணி நேரச் சவாரிக்கு வந்தவர்களிடம் எவ்வளவுதான் சொல்வது? ஆனால் அந்தக் கோட்டை இழுத்தவள் நான்தான். பெயிண்ட் முடியவில்லை. அன்று டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது.

அது ஒரு குதிரையின் நஞ்சுக்கொடி கிடந்த தடம். அந்தக் குதிரையை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட்டோம். பதிவுப் புத்தகத்தில் அவளுக்கு வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் ஒன்று இருந்தது. அதை முழுதாகச் சொல்லக்கூடியவர் முதலாளி ஒருவர்தான். லாயத்தில் இருந்த மற்றப் பெண்குதிரைகள், அவள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்வரை தொட்டிப் பக்கமே வராமல் ஒதுங்கி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ஒருநாள், "கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரில்ல நிக்கிது! அது சாப்ட்டாதான் பந்தியே போடுவாங்க போல" என்றார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் முதலாளியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி இதே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா இங்கே கிராணியாக, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். இவர் படித்து எஞ்சினியராகி, ஊர் ஊராகப் போய்ப் பாலம் கட்டி, ஓய்வு பெற்றபின் திரும்பி வந்து, பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறுகிற சாலையில், தேயிலைக்காடு முடிகிற இடத்தில் நிலம் வாங்கி லாயம் கட்டினார். வேலை பார்த்த நாடு ஒன்றில் ஒருவகைக் குதிரையைப் பார்த்து மனதைப் பறிகொடுத்திருந்தார். சாதாரணக் குதிரை ஓடினால் மேலே இருப்பவர் எகிறி எகிறி விழவேண்டும். இந்த இனம் அப்படி இல்லை. நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கணக்கில், தரையை விட்டு அதிகம் தூக்காமல் வைத்துப் போகும். மேலே இருப்பவருக்குக் குலுங்கலே தெரியாது. அது பிறவியிலேயே வருகிற நடை; அடித்துப் பழக்கினாலும் வராது. நான்கு பெண்குதிரைகளையும் ஓர் ஆண்குதிரையையும் கப்பலில் வரவழைத்தார். இந்த மலைக்கு ஏற்ற, அலுங்காத நடைக் குதிரைகளை இங்கேயே உண்டாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

காலையில் எனாமல் குவளை ஒன்றில் விளிம்புவரை தே ஓ ஊற்றிக் கொடுக்கச் சொல்வார். பால் இல்லாத சூடான தேநீர். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெரியம்மாவின்மேல் ஏறுவார். தேயிலைக்காட்டு மண்சாலையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, இறங்குமுன் குவளையை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். ஒரு சொட்டு குறைந்திருக்காது. பிறகுதான் குடிப்பார். கொழுந்து பறிக்கிற பெண்கள் அந்தக் குளம்புச் சத்தம் கேட்டால் தலை நிமிராமலே, "பெரியம்மா வர்றா" என்பார்கள். பலகையில் வேகமாகக் காய் நறுக்குகிற சத்தம் அது. மற்ற மூன்று பெண்குதிரைகளுக்கும் அந்த நடை இருந்தது. ஆனால் அவற்றின் குட்டிகளில் பாதி, தாயின் நடையை மறந்துவிட்டு எகிறி எகிறித்தான் ஓடின. பெரியம்மா போட்ட குட்டி ஒன்றுக்குக்கூட நடை தவறியதில்லை. முதலாளியின் ஆசை முழுவதும் அவள் வயிற்றை நம்பித்தான் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது குதிரை தெரிந்து அல்ல. எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு மூன்று மாடுகள் இருக்கும். கன்று திரும்பிக் கிடந்தால் கையை விட்டுத் திருப்புகிற துணிச்சல் எனக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டு முதலாளி கூப்பிட்டார். "மாடும் குதிரையும் ஒண்ணில்லம்மா, ஆனா பயப்படாத கை ஒண்ணுதான்" என்றார். அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மாட்டில் தெரிந்ததை எல்லாம் குதிரைக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால் ஒரு முறை உண்டு. நஞ்சுக்கொடி விழுந்த சூட்டோடு, விரிக்காமல், யார் கண்ணும் படாமல் சுருட்டிச் சாக்கில் வைத்து, லாலாங் புல்லைத் திணித்து, பால் வடிகிற மரம் ஒன்றில் உயரக் கட்டிவிட வேண்டும். நாய் வாய் வைத்தால் தாய்க்குப் பால் வற்றிப் போகும். கட்டியதைத் திரும்ப இறக்கவும் கூடாது. குதிரை டாக்டர் சொல்லிக் கொடுத்த முறை இதற்கு நேர் எதிர். அவர் ஈப்போவிலிருந்து வருகிற நம் பையன்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர். குதிரை குட்டி போட்டால் மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழவேண்டும். விழுந்ததும் தரையில் விரித்து, இரண்டு கொம்பும் நுனிவரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையளவு துண்டு உள்ளே தங்கினாலும் அது அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறி, கடைசியில் குளம்பைப் பிடித்துவிடும் என்பார். கருப்பையின் இரண்டு கிளைகளைத்தான் கொம்பு என்று சொல்வது; நஞ்சுக்கொடியும் அதே வடிவில்தான் வரும். "மாடு ரெண்டு நாளு தாங்கும்க்கா. குதிரை தாங்காது. குளம்பு போனா குதிரையே போச்சு" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

தார்ப்பாயில் தடம் விழுந்ததற்கு முந்தைய பிரசவத்தில் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். விரித்தார், பார்த்தார், படம் எடுத்தார், புதைக்கச் சொன்னார். புதைத்தோம். மறுநாள் காட்டு நாய்கள் தோண்டி இழுத்துப் போட்டிருந்தன. அந்தத் தடவை பெரியம்மாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்த ஆண்குட்டி என் மடியில் தலையை வைத்தபடியே செத்தது. தொப்புள் வழியாகக் கிருமி போயிருக்கிறது என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அந்தக் குட்டி கிடந்த மூலையை ஒரு மாதம் மோந்து மோந்து பார்த்ததை நான் ஒருத்திதான் தினமும் பார்த்தேன். இன்னொரு தடவை இவளுக்கு இது நடக்க விடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி மகள் வீட்டு விசேஷத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தோம். விடிந்து நான் லாயத்துக்குப் போனபோது பெண்குட்டி ஈரத்தோடு நாலு காலையும் நாலு பக்கம் வைத்து எழப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மா அதை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கனைத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்தது. வேலிக்கு வெளியே அதே நாய்கள் வந்து நின்று மோப்பம் பிடித்தன. ஒரு நாய் குலைத்தது. அவ்வளவுதான். நான் யோசிக்கவே இல்லை. விரிக்காமல் சுருட்டிச் சாக்கில் போட்டு, லாலாங் அறுத்துத் திணித்து, லாயத்துக்குப் பின்னால் தேயிலை எல்லையில் நிற்கிற காட்டு அத்திமரத்தில் ஏணி வைத்து ஏறிக் கட்டினேன். இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

குட்டி பிறந்ததை டாக்டருக்குத் தகவல் அனுப்பியிருந்தேன்; பத்து மணிக்கு அவர் போனில் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, "நஞ்சுக்கொடி விழுந்துருச்சா?" என்றார்.

"விழுந்துருச்சு டாக்டர்."

"விரிச்சுப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன் டாக்டர். முழுசா இருக்கு."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. முழுதாகத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். இவ்வளவு சீக்கிரம் விழுந்ததில் என்ன குறை இருக்கப் போகிறது? அன்று முழுவதும் குட்டி முட்டி முட்டிக் குடித்தது. பால் அதன் வாயோரம் வழிந்தது. பார்த்தாயா என்று மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பெரியம்மா தீனியைத் தொடவில்லை. தொட்டிக்கும் போகவில்லை. மற்றக் குதிரைகள் தண்ணீரைச் சுற்றி நின்றுகொண்டு அவளுக்காகக் காத்திருந்தன. அதைப் பார்த்ததும் ஓடிப்போய் அவள் கழுத்தில் கை வைத்தேன். உடம்பு சுட்டது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அக்கா, நஞ்சுக்கொடிய ரெண்டு கொம்பும் பாத்தீங்கதானே?" இப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாத்தேன்" என்றேன். "அப்ப இது வேற என்னாமோ. காய்ச்சலுக்கு அங்க இருக்கிற மருந்தப் போடுங்க. ரோட்டுல ஜாம் பயங்கரம்லா. நான் சாயங்காலமா வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

மருந்தை ஏற்றிவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். அவள் ஒரு முன்காலை லேசாக முன்னால் நகர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றை. உடம்பின் பாரத்தை எல்லாம் பின்னங்காலுக்குத் தள்ளிவிட்டு, முன்னங்கால்களை நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவள் மாதிரி. குனிந்து வலது முன்குளம்பின்மேல் கை வைத்தேன். சூடு. குளம்புக்கு மேலே விரலை வைத்தால் நாடி அடிப்பதைச் சாதாரணமாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று அது என் விரலைத் தள்ளியது. குளம்பு போனா குதிரையே போச்சு. அந்தக் குரல் என் காதில் கேட்டது. அப்போதும் என் கால் ஏணிப் பக்கம் போகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அப்படியே நின்றேன். இறக்கினால் பால் வற்றும். குட்டி போய்விடும். இறக்காவிட்டால் இவள் போய்விடுவாள். குட்டி என் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழை பெய்து மரம் வழுக்கியது. ஒரு நாள் முன்பு ஆசையாகப் போட்ட முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துப் பார்த்து, கடைசியில் பாராங் கத்தியால் வெட்டினேன். சாக்கு கீழே விழுந்த சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தீவனத்தை மூடி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை உருவி வந்து வாசலில் விரித்து, அதன்மேல் கொட்டி, பிரித்துப் பரப்பினேன். நீளக் கொம்பு நுனிவரை முழுதாக இருந்தது. குட்டைக் கொம்பை இழுத்து நீட்டினேன். நுனி இல்லை. கிழிந்த விளிம்பு, பிய்த்த துணி மாதிரி. என் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த அளவு அவளுக்குள்ளே இருந்தது. ஒரு நாளாக.

டாக்டரை மறுபடி கூப்பிட்டேன். "டாக்டர், நான் பாக்கல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நேத்து பாத்தேன்னு சொன்னேன்ல, அது பொய். மரத்துல கட்டிட்டேன். இப்பதான் இறக்கிப் பாக்கறேன். சின்னக் கொம்புல நுனி இல்ல." திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது. "நான் கெளம்பறேன். அதுவரைக்கும் நாலு காலும் ஐஸ்ல இருக்கணும். குளம்புக்கு மேல வரைக்கும். எடுக்கவே கூடாது. வெளங்குதா?" என்றார். அக்கா என்ற சொல்லைக் காணோம்.

ஐஸுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் அன்று கோலா தெர்லாவில் லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் லோரியை அப்படியே நண்பர் ஒருவரிடம் விட்டுவிட்டு மோட்டர் சைக்கிளில் கிளம்பினார். பிரிஞ்சாங் பாசாரில் மீன்கடைக்காரர்களிடம் கெஞ்சி, மீன் போட்டிருந்த பெட்டியிலிருந்தே ஐஸை அள்ளி, இரண்டு சாக்கில் கட்டி மோட்டரின் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு வந்தார். கோழித் தீவன வாளிகள் நான்கில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, பெரியம்மாவின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தேன். மீன்வாடைக்கு மூக்கைச் சுளித்து ஒரு முறை தும்மினாள். பிறகு அசையவில்லை. தீண்டினாலே காலை உதறுகிறவள், அன்று நான் தூக்கிய இடத்தில் வைத்தாள், வைத்த இடத்தில் நின்றாள். என்மேல் இவ்வளவு நம்பிக்கையை ஏன் வைத்தாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. உன்னைப் பாழாக்கியவள் நான்தான் என்று அவள் காதில் சொல்லிக்கூடப் பார்த்தேன். காதை லேசாக ஆட்டினாள்.

நண்பகல் தாண்டியது. டாக்டர் வரவில்லை. கூப்பிட்டால், "கியா பார்ம் வந்துட்டேன், வண்டி ஓர் அடி நகரமாட்டேங்குது" என்றார். பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சாலை வளைவைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராபெரி வாங்குகிறவர்கள், மக்காச்சோளம் தின்கிறவர்கள், காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுத் தேயிலையோடு படம் எடுத்துக்கொள்கிறவர்கள். லாயத்திலிருந்து பார்த்தால் அந்த வளைவில் கார்க் கூரைகள் வரிசையாக மின்னுவது தெரியும். அவற்றில் ஏதோ ஒன்றுக்குள் டாக்டர் இருக்கிறார். நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார். இங்கே ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. என் வாழ்க்கையில் சிரித்துக்கொண்டிருக்கிற மனிதர்களை அன்றுபோல் நான் வெறுத்ததில்லை.

"சும்மா பாத்துக்கிட்டு நின்னா வந்துருமா? நான் போயி ஏத்திட்டு வரேன் புள்ள" என்று வீட்டுக்காரர் மறுபடி மோட்டரை எடுத்தார். கார்களுக்கு நடுவே புகுந்து போய், டாக்டர் காரைச் சாலையோரக் காய்கறிக் கடை ஒன்றின் பக்கத்தில் விடச் செய்து, மருந்துப் பெட்டியை டாக்டர் மடியில் வைத்துப் பின்னால் ஏற்றி வந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது வாளிகளில் ஐஸ் கரைந்து வெறும் தண்ணீராக இருந்தது. நான் அதற்குள் கைகளை விட்டு, குளம்பைச் சுற்றித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கும் தெரியாது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. நேரே தார்ப்பாய்க்குப் போனார். குனிந்தார். அந்தக் கிழிந்த நுனியை விரலால் தூக்கிப் பார்த்தார். "சரி" என்றார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கைவேலை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாளி வாளியாகக் குழாய் வழியே கருப்பைக்குள் விட்டு விட்டு வெளியேற்றினார். முதலில் வந்தது நாற்றம். மூன்றாவது வாளிக்குப்பின் அந்தத் துண்டு வந்தது. கறுத்து, கொழகொழவென்று, என் உள்ளங்கை அளவில். அதை டாக்டர் தார்ப்பாயில், அது இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு மேலே, தரையில் படாமல் பிடித்துப் பார்த்தார். பொருந்தியது. "இப்ப முழுசா இருக்கு" என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் மறுபடி ஐஸுக்குப் போனார். அதற்குள் பாசாரிலிருந்த மீன்காரர்களெல்லாம், "குதிரைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்களாம். ஜூஸ் கடைக்காரர் ஒருவர் தன் ஐஸ்பெட்டியையே தூக்கிக் கொடுத்தார்.

அந்த வேதனையிலும் குட்டி இரண்டு வாளிகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பால் குடித்தது. பால் வற்றவில்லை. மரத்திலிருந்து இறக்கியாகிவிட்டது, வெட்டியாகிவிட்டது, விரித்து எல்லோர் கண்ணும் பட்டாகிவிட்டது. பால் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

டாக்டர் போகும்போது, "கால் தப்புமான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு நாளு ஐஸ எடுக்காதீங்க" என்றார். பிறகு, "முதலாளிகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நீங்களே சொல்லிருங்கக்கா" என்றார். அந்த அக்காவைத் திரும்பக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிறு மதியம் முதலாளி வந்தார். பயணத்துணியோடு நேராக உள்ளே வந்து, ஐஸில் நிற்கிறவளின் நெற்றியில் நெற்றியை வைத்து நின்றார். நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாயை, மரத்தை, இரண்டு முறை சொன்ன பொய்யை. அவர் திரும்பவில்லை. "எத்தன மணி நேரம்?" என்று மட்டும் கேட்டார். "இருபத்தி நாலு, முதலாளி" என்றேன். போகச் சொல்வார் என்று துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். போகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து விடியுமுன் அவரே வந்து நான்கு குளம்பையும் தொட்டுப் பார்த்தார். நான் தொட்டுப் பார்த்து, "சூடு இல்ல முதலாளி" என்று சொன்னபிறகும், அதே குளம்பை மறுபடி தொட்டுப் பார்த்தார். மூன்று மாதம் அப்படி. வேலையை விட்டு அனுப்பியிருந்தால் அது எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பெரியம்மா பிழைத்தாள். மூன்று குளம்புகள் தேறின. வலது முன்குளம்பு தேறவில்லை. நடந்தாள், மேய்ந்தாள், மகளை வளர்த்தாள். தொட்டியில் முதலில் குடிக்கிற உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த நடை மட்டும் திரும்பவில்லை. நான்கு சத்தத்தில் ஒன்று எப்போதும் பிந்தி விழுந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் அந்தப் புதுச் சத்தத்தை அடையாளம் கண்டுகொள்ள நெடுநாள் ஆனது. அவள் மறுபடி சினையாகவும் இல்லை. முதலாளி குவளையைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணாடி டம்ளரில் குடிக்க ஆரம்பித்தார்.

தார்ப்பாயை எத்தனை முறை தேய்த்தும் கறை போகவில்லை. அந்த இரண்டு கொம்பும் பழுப்பாக அப்படியே பதிந்திருந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. வேலிக்கு அடித்ததுபோக மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை எடுத்து வந்து, கறையின் ஓரமாகவே கோடு இழுத்தேன். இனி எந்தக் குதிரை குட்டி போட்டாலும் இதன்மேல் பரப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. குட்டைக் கொம்பின் நுனிக்கு வந்ததும் அங்கே கறை இல்லை. வளைத்து மூடிவிடலாம் என்று தூரிகையைத் தூக்கினேன். பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"அங்க என்னா இருந்துச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல முதலாளி."

"அப்ப ஒண்ணும் போடாத."

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் வேலை தவிர வேறு பேசியது அன்றுதான். அடுத்த நாள் காலையில் அவர் குளம்பு பார்க்க வரவில்லை. நான் பார்த்தேன். போய்ச் சொன்னேன். "சரிம்மா" என்றார்.

பெரியம்மா போன ஆண்டு மழைக்காலத்தில், நோய் எதுவும் இல்லாமல், மேய்கிற இடத்திலேயே படுத்து, எழவில்லை. தேயிலை எல்லையில், அந்த அத்திமரத்துக்குக் கீழே புதைத்தோம். அவளுடைய அந்த மகளைச் சின்னவள் என்று கூப்பிடுகிறோம். தாயின் நடை ஒரு சத்தம்கூடப் பிசகாமல் அவளுக்கு இருக்கிறது. குவளையை ஆணியிலிருந்து இறக்கவைத்தவள் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன் காலையில் சின்னவள் முதல் குட்டியைப் போட்டாள். முதலாளி தே ஓ குவளையோடு வாசலில் வந்து நின்றார். இப்போது அவருக்குக் கை நடுக்கம் உண்டு. நின்ற இடத்திலேயே தே ஓ சிந்தி அவர் சட்டையில் வடிந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். நஞ்சுக்கொடி விழுந்தது. வேலிக்கு வெளியே நாய் குலைத்தது. தார்ப்பாயை விரித்து, வெள்ளைக் கோட்டுக்குள் அதைப் பரப்பினேன். நீளக் கொம்பை முதலில். பிறகு குட்டைக் கொம்பை, மெல்ல, மடிப்பு மடிப்பாக நீவி நீட்டிக்கொண்டே போனேன். பெயிண்ட் முடிகிற இடம் வந்தது. அதைத் தாண்டியும் அது போனது. கிழிசல் இல்லாமல், உருண்டு மூடிய நுனியாக, அந்த இடைவெளிக்குள் போய்க் கிடந்தது.

கைப்பேசி அடித்தது. டாக்டர்தான். மற்ற லாயங்களில் ஒரு முறை கேட்பாராம்; என்னிடம் மட்டும் மூன்று முறை கேட்பார். எனக்கு வருத்தம் இல்லை. சாக்கும் லாலாங்கும் ஏணியும் ஓரத்தில் தயாராகத்தான் இருந்தன. பார்த்து முடித்தபின் மரத்தில் கட்டுவதை அவரும் இப்போது தடுப்பதில்லை.

"விரிச்சுப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன் டாக்டர். முழுசா இருக்கு."

ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே வார்த்தைகள். சொல்லும்போது என் உள்ளங்கை அந்த நுனியின்மேல் இருந்தது. இன்னும் சூடாக இருந்தது.